கார்டு இருக்கு, ஆனா சிகிச்சை? காப்பீட்டு இடைவெளி பற்றி ஓர் எளிய விளக்கம்

தனியார் ஆஸ்பத்திரி அட்மிஷன் கவுன்டரில், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பதற்கு முன்னாலேயே "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். நாமும் இருக்கு, இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் எந்த நோய்க்கு இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், எந்தத் தேதியிலிருந்து செல்லும், எவ்வளவு வரை தருவார்கள், அட்மிட் ஆனால்தான் தருவார்களா அல்லது டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கி வந்தாலும் தருவார்களா என்று அந்தக் கேள்விக்குள் குறைந்தது ஐந்து கேள்விகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றுக்கு "கிடையாது" என்று பதில் வந்தால் போதும், அந்த நேரத்துக்கு நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாத ஆள்தான். காப்பீட்டு இடைவெளி என்பது இதுதான். கார்டே இல்லாதவர்கள் ஒரு வகை, கார்டு வைத்திருந்தும் நடுவில் விழுகிறவர்கள் இன்னொரு வகை.

இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பில்லில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். லட்சக்கணக்கில் பில் வந்தது, நகையை அடகு வைத்தோம், நிலத்தை விற்றோம் என்று. அதெல்லாம் உண்மைதான். ஆனால் பில் கடைசியில் வருவது. நெஞ்சு லேசாக வலிக்கும்போது "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று படுத்துக்கொள்வது, டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சீட்டை மூன்று மாதம் பர்ஸிலேயே வைத்திருப்பது, ஒரு மாத மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிட்டு இரண்டு மாதம் ஓட்டுவது என்று இடைவெளியின் வேலை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. இவர்கள் யாரும் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் வருவதில்லை, ஏனென்றால் இவர்கள் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பேசப்போவது இந்தத் தள்ளிப்போடுதலைப் பற்றித்தான்.

அளவு தெரிந்துகொள்ள இரண்டு கணக்கு மட்டும். 2019–21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒருவருக்காவது ஏதாவது மருத்துவக் காப்பீடு இருந்த குடும்பங்கள் 41 சதவீதம். கவனியுங்கள், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தாலே அந்தக் குடும்பம் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். 2021 அக்டோபரில் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் ஒரு அறிக்கை வெளியிட்டது. அரசுத் திட்டத்துக்குள் வரும் அளவுக்கு ஏழையும் இல்லை, சொந்தக் காசில் பாலிசி எடுக்கும் அளவுக்கு வசதியும் இல்லை என்று நடுவில் நிற்பவர்கள் மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம், அதாவது சுமார் 40 கோடிப் பேர் என்று அதில் சொன்னார்கள்.

எந்தக் கதவும் திறக்காதவர்கள்

இந்த நடுவில் நிற்பவர் யார் என்பதைத் தமிழ்நாட்டில் வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். அரசு ஊழியர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பொதுவாக மூன்று கதவுகள்.

முதல் கதவு, மாநில அரசின் காப்பீட்டு அட்டை. 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் சேர்ந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது, 2022ல் அதை 1,20,000 ஆக்கினார்கள். முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்கள் போன்ற சிலருக்கு இந்த வருமான வரம்பு கிடையாது.

இரண்டாவது கதவு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். மூன்றாவது கதவு, கம்பெனி எடுத்துத் தரும் குரூப் பாலிசி அல்லது நீங்களே எடுக்கும் தனி பாலிசி.

இப்போது கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடை என்று வைத்துக்கொள்வோம். முதலாளியைத் தவிர ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒருவருக்கு மாதம் 14,000 சம்பளம், மனைவி வீட்டில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள். ஆண்டு வருமானம் 1,68,000 என்பதால் முதல் கதவு மூடிவிட்டது. கடையில் பத்து பேர் இல்லாததால் இரண்டாவதும் மூடிவிட்டது. நான்கு பேருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு தனியார் பாலிசி எடுக்கலாம் என்றால், பிரீமியம் பெரும்பாலும் ஒரு மாதச் சம்பளத்தையாவது விழுங்கிவிடும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் மிச்சமிருக்கும் தொகையும் இவருக்கு மலைதான். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸா, வராத நோய்க்குப் பிரீமியமா என்று வந்தால் எது ஜெயிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

(வருமானச் சான்றிதழில் என்ன தொகை எழுதப்படுகிறது என்பது ஊரறிந்த விஷயம், அதனால் இவரைப் போன்ற பலர் எப்படியோ கார்டு வாங்கிவிடுகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்ன ஆள் வெளியே நிற்கிறார் என்றால் வரம்பு சரியான இடத்தில் இல்லை என்றுதானே அர்த்தம்.)

இ.எஸ்.ஐ.யில் இன்னொரு விசித்திரம் உண்டு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசர், சம்பளம் 20,600. ஜூன் மாதம் 800 ரூபாய் ஏற்றி 21,400 ஆக்குகிறார்கள். உடனே வெளியே தள்ளிவிட மாட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அந்தக் கணக்குக் காலம் முடியும்வரை பிடித்தம் நடக்கும், அந்தப் பிடித்தத்துக்காகப் பிறகு சில மாதங்கள் பலனும் கிடைக்கும். அதோடு சரி. மாதம் 800 ரூபாய் கூடியதற்காக அவருக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் அவரை நம்பி இருக்கும் பெற்றோருக்கும் இருந்த முழு மருத்துவ வசதியும் போய்விடும். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் கூட்டம், மருந்து இல்லை என்று ஆயிரம் குறை சொல்வோம், நானும் சொல்வேன். ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கும் சுகர் மாத்திரைக்கும்கூட செல்லும் காப்பீடு நம்மிடம் இருப்பது கிட்டத்தட்ட அது ஒன்றுதான். அதன் அருமை 21,000ஐத் தாண்டிய பிறகுதான் தெரியும்.

ஓபி (அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சை): யாரும் கண்டுகொள்ளாத பெரிய பள்ளம்

இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். 5 லட்சத்துக்கு பாலிசி வைத்திருக்கும் ஒருவர் மாதாமாதம் சுகருக்கும் பிரஷருக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு ரூபாய்கூட பெரும்பாலும் அந்த பாலிசியிலிருந்து வராது. பெரும்பாலான பாலிசிகள் குறைந்தது 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பேசவே தொடங்கும். கண்புரை அறுவை, டயாலிசிஸ், கீமோ போன்ற, அன்றே வீடு திரும்பும் டே-கேர் சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு. அட்மிட் ஆவதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு ஆன செலவைத் தருவார்கள், அதுவும் அதே நோய்க்கு, அட்மிட் ஆனால் மட்டும். அரசு அட்டையும் அடிப்படையில் இப்படித்தான்: பட்டியலில் உள்ள அறுவைகள், சிகிச்சைகள், சில பரிசோதனைகள் உண்டு, தினசரி மாத்திரை கிடையாது.

இதன் விளைவைச் சர்க்கரை நோயாளி ஒருவரை வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை, கிட்னி டெஸ்ட், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு சோதனை, தினமும் மாத்திரை. இது எல்லாமே ஓபி, எல்லாமே சொந்தக் காசு. கையில் காசு இறுகும்போது முதலில் விழுவது பரிசோதனைகள், ஏனென்றால் டெஸ்ட் எடுக்காவிட்டால் உடனே ஒன்றும் வலிக்காது. அப்புறம் கண் டாக்டர். அப்புறம் மாத்திரை பாதியாகும். நாலைந்து வருடம் கழித்து காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல், கறுத்து, விரலை எடுக்க வேண்டும் என்று அட்மிட் ஆகும்போது அதே பாலிசி தாராளமாகக் காசு தரும். விரலை எடுக்கத் தரும் காப்பீடு, விரலைக் காப்பாற்றும் சோதனைக்குத் தராது. கிட்னி போன பிறகு டயாலிசிஸுக்கு வாரத்துக்கு மூன்று தடவை தரும், கிட்னி போகாமல் இருக்க வேண்டிய மாத்திரைக்குத் தராது. காப்பீட்டு இடைவெளிகளிலேயே மோசமானது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இதில் சிக்கியவருக்குத் தான் சிக்கியிருப்பதே தெரியாது. அவரிடம்தான் கார்டு இருக்கிறதே.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுப்பது 2013–14ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021–22ல் 39.4க்கு இறங்கியிருக்கிறது என்கிறது தேசியச் சுகாதாரக் கணக்கு. இறங்கியது சந்தோஷம். ஆனாலும் நூறு ரூபாயில் கிட்டத்தட்ட நாற்பது ரூபாய் இன்னும் நம் சட்டைப் பையிலிருந்துதான் போகிறது, அதில் பெரிய பங்கு மருந்துக்கடைக்குப் போவது.

காசு கொடுக்க வேண்டியிருந்தால் மனிதர்கள் தேவையில்லாததைத்தான் குறைப்பார்கள், தேவையானதை எப்படியும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வாதம் உண்டு. இதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1970களின் நடுவில் தொடங்கி 80களின் தொடக்கம் வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பிரித்து, சிலருக்கு முழு இலவசம், சிலர் செலவில் ஒரு பங்கைத் தாங்களே தர வேண்டும் என்று வைத்துப் பார்த்தது. பங்கு கொடுத்தவர்கள் சிகிச்சையைக் குறைத்தார்கள், ஆனால் தேவையானது தேவையில்லாதது என்று பிரிக்காமல் இரண்டையும் சேர்த்தே குறைத்தார்கள். ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு இலவச சிகிச்சையில் இருந்தபோது அழுத்தம் இன்னும் நன்றாகக் கட்டுப்பட்டது. இதில் வியக்க ஒன்றுமில்லை. எந்த வலி கேஸ்டிரிக், எந்த வலி ஹார்ட் என்று டாக்டரிடம் போகாமலே நமக்குத் தெரிந்தால் டாக்டர் எதற்கு?

தமிழ்நாட்டில் இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புவது எந்தக் காப்பீடும் இல்லை, ஆரம்ப சுகாதார நிலையமும் ஜி.எச்.சும்தான். மாத்திரை இலவசம், சுகர் டெஸ்ட் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். காப்பீடு இல்லாதவனுக்கு இங்கே கதவு முழுசாக அடைபடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஓபி சீட்டு காலையில்தான், வரிசையில் நின்றால் மதியம் ஆகிவிடும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. அதனால்தான் அவர் நேராக மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று "அண்ணே, தலை சுத்துது, ஒரு மாத்திரை குடுங்க" என்கிறார். அவருக்கு பிரஷர் இருக்கிறது என்பதே வாய் கோணிய பிறகுதான் தெரியவரும்.

தேதி பார்த்து வரும் நோய்

அடுத்தது கால இடைவெளி. பாலிசி எடுத்த முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர எதற்கும் கிளெய்ம் கிடையாது. ஏற்கனவே இருக்கும் நோய்க்கு வெயிட்டிங் பீரியட், அதாவது காத்திருப்புக் காலம் உண்டு, முன்பு அதிகபட்சம் நான்கு ஆண்டு என்று இருந்ததை 2024 ஏப்ரலில் மூன்றாண்டாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்தது. இதோடு முடியவில்லை. குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், கண்புரை, மூட்டு மாற்று, கர்ப்பப்பைக் கட்டி என்று ஒரு பட்டியல் இருக்கும். உங்களுக்கு அந்த நோய் முன்பு இல்லாவிட்டாலும் இவற்றுக்கு பெரும்பாலும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

கம்பெனிகளின் நியாயம் புரிகிறது. எல்லோரும் ஆபரேஷன் தேதி குறித்துவிட்டு வந்து பாலிசி எடுத்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆனால் மறுபக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாலிசி எடுத்து எட்டு மாதத்தில் ஒருவருக்குக் குடலிறக்கம் என்று தெரிகிறது. இன்னும் பதினாறு மாதம் தள்ளினால் காப்பீட்டிலேயே ஆபரேஷன். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கனம் தூக்காமல், இருமாமல் தள்ளுகிறார். நூற்றில் பலருக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆனால் குடல் அதில் சிக்கி இறுகிவிட்டால் அது திட்டமிட்ட சின்ன ஆபரேஷனாக இருக்காது, நடுராத்திரி எமர்ஜென்சி. கர்ப்பப்பைக் கட்டியால் மாதாமாதம் ரத்தம் கொட்டி, ரத்தசோகையோடு வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு வருடம் முடியக் காத்திருக்கும் பெண்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

வேலை மாறும்போது வரும் இடைவெளி வேறு மாதிரி. கம்பெனி குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் வெயிட்டிங் பீரியட் கிடையாது, பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு, அதனால் பலர் தனியாக எதுவும் எடுப்பதில்லை. ராஜினாமா செய்த கடைசி நாளோடு அது முடிந்துவிடும், உங்களுக்கு மட்டுமல்ல, அதில் சேர்த்திருந்த அப்பா அம்மாவுக்கும். புது இடத்தில் சேர இரண்டு மாதம், அங்கே பெற்றோருக்கு கவர் உண்டா என்பது இன்னொரு கேள்வி. அந்த இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு வைத்திருந்த முழங்கால் ஆபரேஷன் தள்ளிப்போகும், ஆஞ்சியோ செக்கப் தள்ளிப்போகும். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறுபவருக்கோ இன்னும் மோசம்: இருபது வருடம் கம்பெனி கார்டில் ஓட்டிவிட்டு, சுகரும் பிரஷரும் சேர்ந்த பிறகு முதல்முறையாகச் சந்தைக்கு வந்து பாலிசி கேட்டால் பிரீமியமும் காத்திருப்பும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதுப்பிக்க மறந்துபோவதும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கட்டும் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் கொடுப்பார்கள். அதற்குள் கட்டினால் நீங்கள் கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாது. ஆனால் பணம் கட்டாமல் கழிந்த அந்த நாட்களில் ஏதாவது வந்தால் கிளெய்ம் கிடைக்காது. 30 நாளும் தாண்டிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

இந்த இடத்தில் ஏஜென்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. "சுகர் இருக்குன்னு எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும், நான் பாத்துக்கறேன்" என்று சொல்பவர் கிளெய்ம் நாளில் போனை எடுக்க மாட்டார். நோயை மறைத்த பாலிசி, பாலிசியே இல்லாததைவிட ஆபத்து, ஏனென்றால் அதை நம்பி நீங்கள் வேறு ஏற்பாடு எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். தொடர்ந்து ஐந்து வருடம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தாய் என்று சொல்லி கிளெய்மை மறுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. முன்பு அது எட்டு வருடம். அந்த விதியை நம்பி மறைக்கலாமா என்றால், வேண்டாம்.

பணம் வரும், ஆனால் முழுசாக வராது

கவர் இருக்கிறது, நோயும் பட்டியலில் இருக்கிறது, தேதியும் சரி. அப்படியும் கையைக் கடிக்கும் இடம் ரூம் வாடகை. இதை மட்டும் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

உங்கள் பாலிசி 5 லட்சம், ரூம் வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். ஷேரிங் ரூம் காலி இல்லை என்று 8,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் இருக்கிறீர்கள். ரூம் வாடகை 32,000. டாக்டர் பீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, டெஸ்ட், உள்ளே வைத்த உபகரணம் என்று 60,000. மொத்தம் 2,12,000. வாடகையில் நாளுக்கு 3,000 கூடிவிட்டது, நான்கு நாளைக்கு 12,000 நம் கையிலிருந்து போகும், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. 5,000க்கு உரிமை உள்ளவர் 8,000 ரூமில் இருந்தார், எனவே ரூமைச் சார்ந்த செலவுகள் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவேன் என்று கம்பெனி சொல்லும். வாடகையில் 20,000, டாக்டர்-தியேட்டர் கணக்கில் 75,000. மருந்து, டெஸ்ட், உபகரணத்தில் மட்டும் இப்படிப் பிடிக்கக் கூடாது என்பதால் 60,000 முழுசாக வரும். ஆக வருவது 1,55,000. உங்கள் பங்கு 57,000. இதற்கு மேல் டயபர், மாஸ்க், கிரேப் பேண்டேஜ் போன்ற "தர மாட்டோம்" பட்டியல் தனி.

ரூம் வாடகைக்கு ஏற்ப மற்ற கட்டணங்களை மாற்றாத ஆஸ்பத்திரியில் இந்த வெட்டு செல்லாது, ஐ.சி.யூ. கட்டணத்திலும் செய்யக் கூடாது. ஆனால் ஸ்ட்ரெச்சரில் ஆளைப் படுக்க வைத்துக்கொண்டு இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்.

இந்த 57,000 ஒரு முறை விழுந்துவிட்டால், அடுத்த முறை அந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எல்லோரும் யோசிப்பார்கள். "போன தடவை இன்சூரன்ஸ் இருந்தும் அவ்வளவு ஆச்சே" என்ற ஒரு வரி போதும், ஒரு வாரம் தள்ளிப்போக. நெட்வொர்க்கில் இல்லாத, அதாவது காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் முதலில் முழுப் பணத்தையும் நீங்களே கட்டி, பில்லையெல்லாம் அனுப்பி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது இன்சூரன்ஸ் இருந்தும் அன்றைக்குக் கையில் இரண்டு லட்சம் வேண்டும். சின்ன ஊர்களில் பக்கத்து ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்காது, நெட்வொர்க் ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டும் முறை) என்றாலும் டிஸ்சார்ஜ் அன்று காலையில் டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு சாயங்காலம் வரை டி.பி.ஏ. (கம்பெனிக்காகக் கிளெய்மைப் பார்க்கும் இடைநிலை நிறுவனம்) அப்ரூவலுக்குக் காத்திருந்தவர்கள் நம்மில் பலர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, முதல் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் பதில் தர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். கவுன்டரில் இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் வேகம் பிடிக்கும்.

எமர்ஜென்சிக்கு மட்டும் தனிக் கணக்கு. உயிர் போகும் நிலையில் வருபவருக்கு முதலுதவி செய்ய எந்த டாக்டரும், அரசு தனியார் எதுவானாலும், மறுக்கக் கூடாது என்று 1989லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட தொகை வரை அரசே தருகிறது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை 49வது மணி நேரத்திலிருந்து மறுபடியும் அதே பழைய கேள்விதான்.

உங்கள் ஓட்டை எங்கே என்று பார்ப்பது

பாலிசி காகிதம் முழுவதையும் படியுங்கள் என்று சொன்னால் யாரும் படிக்கப்போவதில்லை. ரூம் வாடகை வரம்பு, வெயிட்டிங் பீரியட், கோ-பே என்று மூன்று இடத்தை மட்டும் தேடுங்கள். கோ-பே 20 சதவீதம் என்று இருந்தால் ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது என்று அர்த்தம், வயதானவர்களுக்கான பாலிசிகளில் இது சகஜம். இன்சூரன்ஸ் கம்பெனியை மாற்ற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே போர்ட் செய்ய, அதாவது பாலிசியைப் புதுக் கம்பெனிக்கு மாற்றக் கேளுங்கள், காத்திருந்த காலம் கூடவே வரும். அரசு அட்டைக்குத் தகுதி உள்ளவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே, வருமானச் சான்று, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிந்துவிடுங்கள். நோயாளியை வார்டில் விட்டுவிட்டு வி.ஏ.ஓ.வைத் தேடி அலையும் சொந்தக்காரர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மாத்திரை விஷயத்தில் கௌரவம் பார்க்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளெய்மைத் தவறாக மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

வேலையை விடப்போகிறவர்கள், ராஜினாமா மெயில் அனுப்பிய அன்றே எச்.ஆரிடம் கவர் எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுத்தில் கேளுங்கள். குரூப் பாலிசியில் இருந்தவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறலாம் என்று விதி இருக்கிறது, குரூப்பில் கழித்த காலத்தை வெயிட்டிங் பீரியடில் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதைத் தானாக யாரும் செய்து தர மாட்டார்கள், வெளியே வருவதற்கு முன்பே நீங்கள்தான் கேட்க வேண்டும். எத்தனை வருடமாக அந்த கவரில் இருந்தீர்கள் என்பதற்கான சான்றையும், வருடவாரியான இ-கார்டுகளையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் சாயங்காலம் ஆபீஸ் லாகினை முடக்கிவிட்டால் அதெல்லாம் கைக்கு வராது.